அடிக்காத விசில்

பஸ் டிரைவருக்குக் கண் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் பஸ்ஸில் வேலை பார்த்ததில்லை. கண் பாதி என்றால் காது பாதி. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். பெயர் குலாம் ரசூல். பின்படியில் நின்று நான் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். முன்படிக்குத் தனியாக ஓர் ஆள் போட எங்கள் முதலாளி நாராயணப்பனுக்கு மனசு வராது. அதனால் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோருடைய கை காலும் என் விசிலையும் டிரைவர் திம்மராயனின் காதையும் நம்பித்தான் இருந்தன.

திம்மராயன் என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கெலவரப்பள்ளிப் பக்கம் வீடு. வீட்டில் தெலுங்கு, வண்டியில் தமிழ், பெங்களூர் லாரிக்காரன் குறுக்கே வந்தால் கன்னடம். அவர் ஓட்டுவதைக் குறை சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அப்படிச் சில பேரிடம் போயும் இருக்கிறேன்.

முதலில் முதுகு போனது. இடுப்பில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். வலி இடுப்பில் தொடங்கி இடது காலின் பெருவிரல் வரை இழுக்கும். கிளட்ச் மிதிக்கிற கால் அது. வலிக்கிறது என்று அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். தாங்க முடிகிற வரை தமிழில் முனகுவார், முடியாமல் போனால் தெலுங்குக்கு மாறிவிடுவார். அதை வைத்து அன்றைய நிலவரத்தை நான் தெரிந்துகொள்வேன்.

அதன் பிறகு காது. எங்கள் வண்டியில் என்ஜின் டிரைவரின் இடது முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வருஷக்கணக்கில் அந்த இரைச்சல், போதாததற்கு ஏர் ஹாரன். ஒரு நாள் காலையில் எழுந்தவருக்கு இடது காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம். பூச்சி ஏதோ புகுந்துவிட்டது என்று எண்ணெய் விட்டுப் பார்த்தார். போகவில்லை. நாளாக ஆக அது மெலிந்து கூர்மையாகி, விசில் மாதிரியே ஆகிவிட்டது. காது டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இதை அடியோடு நிறுத்த மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டும் என்றார்.

"பழகிக்கறதுக்கு அது என்னா என் மச்சானா?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார் திம்மராயண்ணன். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு நோயும் கூட்டு சேர்ந்துகொண்டதுதான் கொடுமை. முதுகு வலித்தால் காதில் சத்தம் ஏறும். முதுகுக்கு மாத்திரை போட்டால் அந்த மாத்திரைக்கும் ஏறும். படுத்தால் முதுகுக்கு நல்லது. ஆனால் வீடு அமைதியாக இருக்கும், தலை முழுக்க விசில்தான். வண்டியில் உட்கார்ந்தால் என்ஜின் இரைச்சலில் விசில் அமுங்கிவிடும், முதுகு உடைந்துவிடும். லீவு நாளில் அவர் கொஞ்சம் கண் அசரட்டும் என்று அவருடைய மனைவி ரஞ்சிதா கிரைண்டரை ஓட விடுவாள். வெறும் கல்லை ஓட்ட முடியுமா? அரிசி போட்டு ஆட்டுவாள். அந்தத் தெருவே அவர்கள் வீட்டு மாவில்தான் தோசை சுட்டது.

எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்கு மாவு வாங்க நான் போயிருந்தபோது ரஞ்சிதா சொன்னாள்: "முதுவு வலிக்குதுன்னா தேச்சு வுடறண்ணா. அந்த சத்தம் எனுக்குக் கேக்கவே மாட்டேங்குதே, அத எங்கப் போயி தேய்க்கறது?"  மாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஆடி மாதத்தில் ஒரு நாள், கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ஏறிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்தது. நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன். நான் விசில் அடிக்கவில்லை; பின்னால் நின்ற வேறு பஸ்ஸின் விசிலைக் கேட்டு எடுத்திருப்பார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மத்திகிரியில் அதேபோல் நடந்தது. இறங்கப் போன கிழவர் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். அன்று பக்கத்தில் வேறு பஸ்ஸே இல்லை. தேன்கனிக்கோட்டையில் ஆட்கள் இறங்கியதும் நேராக முன்னால் போனேன்.

"என்னாண்ணா பண்றீங்க? யார் அடிச்சான்னு வண்டிய எடுத்தீங்க?"

"நீதான பாய் ரெண்டு அடிச்ச."

"நான் விசில வாயிலயே வெக்கலண்ணா."

அவர் முகம் வெளுத்துப் போனது.  ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். ஓடும்போது தொல்லை இல்லையாம். ஸ்டாப்பில் நின்றதும் என்ஜின் தணியும், காதில் இருக்கிறது மேலே வரும். எப்போது விசில் வரும் என்று காத்திருக்கும்போது, நீளமாக ஓடுகிற அந்தச் சத்தம் தானே இரண்டாக வெட்டிக்கொள்ளுமாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு உசிரு போனா யாருண்ணா பதில் சொல்றது? முதலாளிகிட்ட இப்பவே சொல்லிட்டு எறங்கிடுங்க."

"எறக்கிட்டான்னா வூட்ல அந்த சத்தத்தோட நான் மட்டும்தான் பாய் இருக்கணும். இங்க முதுவுதான் போவுது. அங்க பைத்தியம் புடிச்சுடும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். 

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கிளம்புவதற்கு இனி விசிலே கிடையாது. டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் நான் கை தூக்கியிருப்பது தெரிந்தால்தான் வண்டி நகரும். இன்னொரு முறை தவறினால் முதலாளியிடம் நானே சொல்லிவிடுவேன் என்று கறாராகச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஸ்டாப்பும் எனக்கு ஒரு கண்டம். டிக்கெட் போடுகிறேனா, படியைப் பார்க்கிறேனா, கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்க்கிறேனா? அவரோ கியரில் கை வைத்து, கழுத்தை இறுக்கிக்கொண்டு கண்ணாடியையே முறைப்பார். காது போ போ என்கிறது, அவர் போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்தக் கழுத்தைப் பார்த்தாலே தெரியும். கழுத்து இறுகினால் முதுகு பிடிக்கும், முதுகு பிடித்தால் காது இன்னும் கத்தும். தெலுங்கு முனகல் காலையிலேயே தொடங்கிவிடும். என்ன இருந்தாலும் அந்த வாரங்களில் வண்டி ஒரு முறைகூடத் தவறாக நகரவில்லை. தப்பித்துவிட்டோம் என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

அன்று மாலை மழை. ஷிப்ட் முடிந்த கம்பெனி ஆட்கள் கேட் ஸ்டாப்பில் மொத்தமாக ஏறிவிட்டார்கள். ஜன்னலெல்லாம் மூடி உள்ளே ஒரே புழுக்கம், டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியிலும் ஆவி. மத்திகிரியில் நின்றோம். கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஃபிசா என்ற பெண் இறங்கினாள். எங்கள் தெருப் பெண்தான், உறவுக்காரர் வீட்டுக்குப் போக அங்கே இறங்கினாள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். துப்பட்டா கதவுக் கொக்கியில் மாட்டியிருந்தது. அதை எடுத்துவிட நான் குனிந்தேன்.

வண்டி நகர்ந்தது.

ஒற்றை விசிலை மூச்சு முட்டும் வரை இழுத்து அடித்தேன். நிற்கவில்லை. ஃபிசா ஒற்றைக் காலில் தத்திக்கொண்டே ஓடி வந்தாள். மறுபடி அடித்தேன். அவருக்கு எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிற விசிலோடு அதுவும் ஒன்றாகக் கலந்திருக்கும், வேறென்ன? அவள் விழுந்தாள், துப்பட்டா கிழிந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் கத்தித் தகரத்தைத் தட்டிய பிறகுதான் பிரேக் விழுந்தது.

குதித்து ஓடினேன். முழங்கால் இரண்டும் தோல் உரிந்து, சேற்றில் உட்கார்ந்திருந்தாள். பின்சக்கரம் அவள் கையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. "மாமா, எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.  

என்ஜினை அணைத்துவிட்டு திம்மராயன் இறங்கி வந்தார். முதுகு நிமிரவில்லை, பஸ்ஸின் பக்கவாட்டைப் பிடித்துப் பிடித்துத்தான் வர முடிந்தது. ஒரு பையன் அவர் சட்டைக் காலரைப் பிடித்தான். அவர் தடுக்கவே இல்லை. இன்னொருவன் என் பக்கம் திரும்பி, "எறங்கறதுக்குள்ள நீ எதுக்குய்யா விசில் அடிச்ச?" என்று கேட்டான்.

அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு நா எழவில்லை. நான்தான் அவசரப்பட்டு அடித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வாரம் வேலை போகும், அவ்வளவுதான். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே அது அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"அவன் அடிக்கல," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "கம்பியப் புடிச்ச கையெல்லாம் கண்ணாடில ஒண்ணாத் தெரிஞ்சுது. காதுல ரெண்டு விசிலு கேட்டுச்சு, எடுத்துட்டன். என் காது கெட்டுப் போயி ரொம்ப நாளாச்சு."

காலரைப் பிடித்திருந்த கை விலகியது.  என்ஜின் நின்றிருந்தது, மழையும் தூறலாகிவிட்டது. ஃபிசாவின் தேம்பல் மட்டும் கேட்டது. இத்தனை வாரம் அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"இதோ, இப்பகூட ரெண்டு அடிக்குது பாய்," என்றார். "போ போன்னு சொல்லுது. நான் இனிமே எடுக்க மாட்டன்."