இன்ஸாஃப் வீட்டுச் சர்பத்

எகிப்தின் தமன்ஹூரில் எங்கள் சந்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வராவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம். இன்ஸாஃப் வராவிட்டால் முடியாது. அவள் போடும் குலவை ரயில் நிலையம் வரை கேட்கும். அவளுக்கு வெகுகாலமாகச் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள், பிறகு பாகில் ஊறிய பஸ்பூஸா ரவைக் கேக் தின்பாள். இரண்டையும் ஒரே சிரத்தையோடு.

ஒரு கோடையில் அவள் முகம் உப்பியது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஆரோக்கியம். "புருஷன் நல்லா தீனி போடறான் போல" என்று பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஜூலை வெயிலில் கம்பளிச் சட்டை போட்டாள், குரல் கரகரத்தது. கண்ணேறு என்று சாம்பிராணி போட்டார்கள். குலவைக்காரிக்கு அது தொண்டையில்தானே விழும்.

பிறகு ஊசி போட்டாலே தலை சுற்றியது. மருந்துக் கடையில் சோதித்தால் சர்க்கரை தரையில் கிடந்தது. மருந்தைக் குறைத்தாள், அப்போதும் இறங்கியது. கடைசியில் ஊசியையே நிறுத்தினாள். சர்க்கரை ஏறவில்லை.

"ஓடிப்போச்சு" என்றார் கணவர் ஷாகிர். "நான் வேண்டிக்கிட்ட நேர்ச்சை பலிச்சிடுச்சு." சந்து முழுவதற்கும் ரோஜா சர்பத் கொடுத்தார். நானும் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

ஷாகிரின் தங்கை ஸனிய்யா மட்டும் முறைத்தாள். "ஓடினது எங்க போச்சுன்னு கேட்டீங்களா? அண்ணிய டாக்டர்கிட்ட காட்டுண்ணா."

"உனக்குப் பொறாமை. உன் சர்க்கரை உன்ன விட்டுப் போகமாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தோம். நல்ல செய்திக்குக் குலவை வேண்டாமா? இன்ஸாஃப் நாக்கைச் சுழற்றினாள். துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஏதோ வந்தது. மரியாதைக்குக் கைதட்டினோம்.

சில நாளில் மூச்சு வாங்கி அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தச் சோதனையைப் பார்த்த பெண் மருத்துவர் ஷாகிரை உட்காரச் சொன்னார்.

"கழுத்துல இருக்கிற தைராய்டு மந்தமாயிடுச்சு, மாமா. அதனால சிறுநீரகத்துக்குப் போற ரத்தமும் குறைஞ்சிருக்கு. சர்க்கரை ஏற்கெனவே சிறுநீரகத்த அரிச்சு வெச்சிருந்தது. சிறுநீரகம் படுத்துட்டா ஊசில போட்ட இன்சுலினும் உடம்பே சுரக்கிறதும் சீக்கிரம் கரையாது. அதான் சர்க்கரை இறங்கிச்சு."

"அப்போ குணமாகலையா?"

"இல்ல. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா தைராய்டு கெடுத்ததையாவது மீட்டிருக்கலாம்."

மருத்துவர் நீட்டிய மருந்துச் சீட்டை ஸனிய்யா வாங்கிக்கொண்டாள்.

தினம் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை ஆரம்பமானது. மாதங்கள் போக வீக்கம் வடிந்தது, கம்பளிச் சட்டை பெட்டிக்குள் போனது, குரலும் திரும்பியது. சிறுநீரகம் மட்டும் திரும்பவில்லை. இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.

போன வாரம் டயாலிசிஸ் நடக்கும்போது பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரியின் மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. கையில் குழாயோடு படுத்தபடியே இன்ஸாஃப் குலவை போட்டாள். ரயில் நிலையத்தில் நிச்சயம் கேட்டிருக்கும். சர்பத் வந்தது. நாளெல்லாம் அவள் குடிக்கக்கூடிய தண்ணீருக்கே அளவுண்டு. உதட்டை நனைத்துவிட்டுக் கிளாஸை என்னிடம் நீட்டினாள்.

"நீயே குடி, தம்பி. அன்னிக்கு எங்க வீட்ல ரெண்டு கிளாஸ் குடிச்சவன்தானே."