ஐம்பத்தேழு படியும் ஒற்றை ஷூவும்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தெருவிலிருந்து மூன்றாவது மாடியிலுள்ள என் வீட்டு வாசல் வரை ஐம்பத்தேழு படிகள். நுழைவாயிலில் மூன்று, பிறகு மாடிக்குப் பதினெட்டு. மும்பை மாதுங்காவில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டேதான் ஏறுகிறேன். எழுபத்திரண்டாவது வயதில் அந்த எண்ணிக்கையில் இரண்டு இடைவெளி விழுந்தது. இருபத்தொன்றாவது படியில் ஒருமுறை, முப்பத்தொன்பதாவது படியில் ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. மூச்சு காரணமில்லை, வலது முழங்கால்.

நவராத்திரிக்குத் தாணேயிலிருந்து வந்த என் மகள் என்னை முப்பத்தொன்பதாவது படியில் பார்த்துவிட்டாள். நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். இரண்டு பால் பாக்கெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, போறும். எங்க பில்டிங்ல ரெண்டு லிஃப்ட் இருக்கு. ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

"இன்னிக்கு என்னமோ பிடிச்சுண்டுடுத்து."

"நேத்திக்கும் பிடிச்சுண்டுதாமே. கீழாத்து மாமி சொன்னா."

நீண்ட பேச்சுக்குப் பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பொங்கலன்று அவள் வருவாள். இருவரும் சேர்ந்து படியேறுவோம். நடுவில் நான் ஒரு தடவை நின்றாலும் பெட்டி கட்டிக்கொண்டு தாணேக்குப் போய்விட வேண்டும். பொங்கலுக்குப் பதினான்கு வாரம் இருந்தது.

தாணேயைக் குறை சொல்லமாட்டேன். மகள் வீட்டில் நல்ல காற்று, நல்ல மனிதர்கள். ஆனால் அங்கே பாலை வேறு யாராவது வாங்குவார்கள், கதவை வேறு யாராவது திறப்பார்கள். என் வீட்டுச் சாவி என் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

இத்தனைக்கும் நான் ஓடிக்கொண்டிருந்த ஆள். ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, அறுபத்தாறு வயதில், பக்கத்துத் தோட்டத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கியதும் மகள் அடிப்பாகம் தடித்த ஷூ வாங்கித் தந்தாள். வலி அதிகமானதும் அதைவிடத் தடித்ததாக இன்னொன்று. நான்காவது ஜோடியைப் போட்டபோது உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தது, ஓட்டம் அடியோடு நின்றுபோயிருந்தது. கோவிலுக்குப் போய்வருவது மட்டும் மிச்சம்.

அந்தக் கோவிலில்தான் நான் செய்துவந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். செருப்பு ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆறாம் நம்பரை ஒன்பதாகப் படித்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அதனால் இடது ஷூவை வாசலுக்கு இடப்பக்கச் சுவரோரமும், வலது ஷூவைப் பூக்கடைக்குப் பின்னாலும் வைப்பேன். இரண்டுக்கும் நடுவே நாற்பது தப்படி. திருட நினைப்பவனுக்கு ஜோடி கிடைக்காது. பல வருடப் பழக்கம், ஒருநாளும் தவறியதில்லை.

நவராத்திரி முடிந்த இரண்டாவது சனிக்கிழமை தரிசனம் முடித்து வந்து பார்த்தால் இடது ஷூ இருந்தது. வலது ஷூ இல்லை.

"இங்க ஒரு ஷூ இருந்ததேம்மா?" என்று பூக்காரம்மாவிடம் கேட்டேன்.

"ஒத்த ஷூவா? யாரோ தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு குப்பை வண்டில போட்டுட்டேனே, சார். ஒத்த ஷூவ யாரு சார் பத்திரமா வைப்பாங்க?"

இடது ஷூவை மட்டும் போட்டு நான்கு அடி நடந்தேன். மூன்று சென்டிமீட்டர் வித்தியாசத்தில் நொண்டினேன். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். கண்ணாடி, ஆணி, பான் எச்சில், நாய் அசிங்கம் என்று பயப்படுவதற்கு நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் முறையாகப் பயந்தேன்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது கணக்கு இடித்தது. கோவிலிலிருந்து வீடு வரை ஷூ போட்டால் ஆயிரத்துத் தொண்ணூறு அடி. அன்றைக்கு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. தெரு நீளவில்லை, என் அடிதான் குறுகியிருந்தது. பிறகு படியேறினேன். இருபத்தொன்றில் நிற்க மறந்துவிட்டேன். முப்பத்தொன்பதில்தான் நின்றேன், அதுவும் வலிக்கிறதா என்று விசாரித்துக்கொள்வதற்காக. வலித்தது. ஆனால் பாதிதான்.

நடந்ததை மகளிடம் போனில் சொன்னேன்.

"வெறுங்கால்ல நடந்தேளா? திருட்டுக்குப் பயந்து ஷூவை ரெண்டு இடத்துல வெப்பாளா யாராவது?"

"திருடன் ஒத்த ஷூவை எடுக்கமாட்டான்."

"ஆமா, குப்பைக்காரன் எடுப்பான். புதுசு ஆர்டர் பண்றேன்."

"பொங்கல் வரைக்கும் வேண்டாம்" என்றேன்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வெறுங்கால் ஓட்டத்தை ஆரம்பித்தேன். எனக்குச் சர்க்கரை கிடையாது, பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது. அப்படி இல்லையென்றால் ஓட விட்டிருக்கமாட்டேன் என்றார். மெதுவாகப் போங்கள் என்பதை இரண்டு தடவை சொன்னார். தோட்டத்தைப் பெருக்குபவர் முடித்துப் போனதும் நான் இறங்குவேன். முதல் வாரம் வெறும் நடை. இரண்டாவது வாரம் இருநூறு அடி ஓட்டம், நானூறு அடி நடை. தினமும் வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன். பொங்கல் வரைக்கும் மொத்தம் மூன்று முள், ஒரு சின்ன வெட்டு. வேறொன்றும் இல்லை.

மூன்றாவது வாரம் தவறு செய்தேன். முழங்கால் அமைதியாக இருந்த சந்தோஷத்தில் ஒரே நாளில் தோட்டத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டேன். மறுநாள் கெண்டைக்கால் சதை இரண்டும் கல்லாகிவிட்டன. ஐந்து நாள் ஓட்டமில்லை. பொங்கலுக்கு முன் அந்த ஐந்து நாளை எங்கே ஈடுகட்டுவது என்று ஐந்து நாளும் கவலைப்பட்டேன். யோசித்தால் நியாயம்தான். இத்தனை வருடம் ஷூ செய்த வேலையைக் கெண்டைக்கால் இப்போதுதான் கையிலெடுத்திருக்கிறது. அதற்கு அவகாசம் வேண்டாமா?

அந்த நாட்களில்தான் என் ஓட்டம் எனக்கே புரிந்தது. தடித்த ஷூவில் காலை நீட்டி வைத்துக் குதிகாலால் தரையை இடித்துக்கொண்டிருந்தேன். அந்த இடி நேராக முழங்காலுக்குப் போனது. வெறுங்காலில் குதிகாலை அப்படி இடிக்க முடியாது, தரையே கண்டிக்கும். பாதத்தின் முன்பகுதி முதலில் மெல்லத் தொடும், கால் உடம்புக்கு நேர் கீழே இறங்கும், முழங்கால் தானாகக் கொஞ்சம் மடங்கும். முன்பு நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு அடி வைத்தேன். இப்போது நூற்று எழுபத்தாறு. சத்தமும் போய்விட்டது. முன்னால் நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், "தொம் தொம்னு வருவேளே, இப்போ பூனை மாதிரி வரேளே" என்று திடுக்கிட்டார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மார்கழியில் பக்கத்தில் ஒரு வீட்டை இடித்தார்கள். தெருவெல்லாம் கண்ணாடிச் சில்லு. வெறுங்கால் சரிப்படாது, தடித்த ஷூ கூடவே கூடாது. தாராவிக்குப் போனேன். தோல் பை, பெல்ட், செருப்பு தைக்கும் ஒரு பட்டறை, முதலாளி திருநெல்வேலிக்காரர். பத்துப் பேர் தலைநிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"குதி இல்லாம ஒரு ஷூ வேணும். அடித்தோல் நாலு மில்லிமீட்டர். முன்பக்கம் அகலமா" என்றேன்.

"எல்லாரும் குதி ஒசரமாத்தான் கேக்காவ. நீங்க குதியே வேண்டாங்கிய! அதுக்கு வெறுங்காலோடயே போவலாம்லா, அண்ணாச்சி?"

"அப்படித்தான் ஓடறேன். இது கண்ணாடிக்கு மட்டும்."

"ஓடுதியளா?" என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். காகிதத்தை விரித்து அதன்மேல் நிற்கச் சொல்லிப் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தார். வரைந்தவர் ஒரு நிமிஷம் நிறுத்தினார். "ஷூ போடுத ஆளுக்கு வெரலெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். ஒங்களுக்கு விசிறி கணக்கா விரிஞ்சிருக்கே!"

வாழ்நாளில் எனக்கு யாரும் சொன்ன நல்ல வார்த்தைகளில் இதை முன்வரிசையில் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் என் சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் ஒளிந்திருந்தது.

முதல் ஜோடியில் கட்டைவிரல் இடித்தது. திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது ஜோடியில் அளந்தேன்; இடது அடித்தோல் ஐந்து மில்லிமீட்டர். அதையும் திருப்பினேன். "சரியான ஆளுய்யா நீங்க" என்று அலுத்துக்கொண்டே மூன்றாவதைக் கொடுத்தார். கையில் வைத்தால் சப்பாத்தி போல மடங்கியது. போட்டால் தரையில் கிடக்கும் தீக்குச்சிகூடக் காலுக்குத் தெரிந்தது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் தோட்டத்தை நான்கு சுற்று ஓடினேன். படிகளில் தினமும் ஒத்திகை. ஒருநாளும் நிற்கவில்லை. ஆனாலும் பொங்கலுக்கு முதல்நாள் முழுக்க, நாளைக்கு மட்டும் பிடித்துக்கொண்டால் என்ற நினைப்பு விடவில்லை.

பொங்கலன்று காலை ஓடி, ஏறி, குளித்து, மகள் வருவதற்குள் கீழே இறங்கி நின்றேன். காரிலிருந்து இறங்கினாள். பின்சீட்டில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி, காலிப் பெட்டி. என் கால்களைப் பார்த்தாள். வெறுங்கால்.

"ஏறலாமா?" என்றாள்.

"எண்ணிக்கோ."

நான் முன்னால், அவள் பின்னால். இருபத்தொன்றில் அவள் என் முகத்தை எட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்பதைத் தாண்டும்போது அவள் பேச்சு நின்றுவிட்டது. நாற்பத்தெட்டாவது படி, கடைசித் திருப்பம். பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா... ஒரு நிமிஷம்... இருங்கோ."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இருப்பவள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவளை விட்டுவிட்டுப் போக மனமில்லை. ஆனால் நின்றால் உடன்பாட்டுப்படி தாணே. எனவே நிற்கவில்லை. அதே படியில் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்துகொண்டே இருந்தேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

"என்ன பண்றேள்?"

"நிக்கலை. பாத்துக்கோ."

மூச்சு வாங்கியபடியே சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்ததில் இன்னும் மூச்சு வாங்கியது. எழுபத்துமூன்று தப்படி நான் அங்கேயே நடந்த பிறகுதான் அவளால் ஏற முடிந்தது. மீதி ஒன்பது படியை நான் அவள் கையைப் பிடித்து ஏற்றினேன்.

வீட்டைத் திறந்ததும் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க, வழக்கம்போல அடியில் அந்த இடது ஷூவைச் செருகினேன். தடித்த அடிப்பாகம் அதற்கு வெகு பொருத்தம். அதைப் பார்த்துவிட்டு, "அந்தத் தாராவிக்காரர் பொம்மனாட்டிக்கும் தெச்சுக் குடுப்பாரா?" என்று கேட்டாள். அன்று சாப்பிட்ட பிறகு பழைய பேப்பரில் அவள் பாதத்தை நானே வரைந்தேன். மெதுவாகத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன்.

சாயங்காலம் வழியனுப்பக் கீழே வரை போனேன். காலிப் பெட்டி காலியாகவே தாணேக்குத் திரும்பியது. சட்டைப்பையில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மறுபடி ஏறினேன். ஐம்பத்தேழு. அன்றைக்கு அது மூன்றாவது தடவை.