கொயோட்டி படித்தவளும் கோழிக்கூட்டு எலிகளும்

"லண்டனில இல்லாத மிருகத்தைப் படிச்சு, நீ ஆருக்கு என்ன செய்யப் போறாய்?"

கேட்டவர் மாமா, அம்மாவின் தம்பி. நோர்பரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. ஆய்வுக் கட்டுரைக்கு என்ன தலைப்பு என்று விசாரித்தார், சொன்னேன்: கொயோட்டி வேட்டைக்கு நாய்களைப் பழக்கும் முறை. கொயோட்டி என்றால் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. வட அமெரிக்காவில் திரிகிற ஒரு விலங்கு, ஓநாயைவிடச் சின்னது, நரியைவிடப் பெரியது, பண்ணைகளில் ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று விளக்கினேன். அவர் நிறுத்துக்கொண்டிருந்த வெண்டிக்காயை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்ச இருக்கிறதையாவது படிச்சிருக்கலாம். நரி இருக்கு, அணில் இருக்கு, உன்ர கொப்பர் இருக்கிறார்."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் அங்கேதான் நின்றார். அவரும் சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவின் படிப்பு மன்னாரில் இடம்பெயர்வோடு நின்றுபோனது. அப்பா அதற்கும் முன்பே புத்தகத்தை வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். ஆகையால் படிப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதை மறைத்து நடந்து எனக்குப் பழக்கமில்லை. மாமாவின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை என்றால், பதில் இல்லாததால் அல்ல. கடை நிறைய ஆட்கள் நின்றார்கள், என் பதில் நீளமானது.

அந்த வேட்டையில் என்னைப் பிடித்துப்போட்டது ஒரு சின்ன விஷயம். சில வேட்டைக்காரர் பழக்குகிற நாய் கொயோட்டியைப் பிடிக்கப் போவதில்லை. போய் அதன் கண்ணில் படும். பட்டதும் திரும்பி ஓடிவரும். தன் இடத்துக்குள் நுழைந்த நாய் முதுகு காட்டி ஓடுவதைக் கண்டால் கொயோட்டியால் நிற்க முடியாது, துரத்திக்கொண்டு வரும். அப்படியே எசமானின் முன்னால் கொண்டுவந்து விட்டுவிடும் அந்த நாய். முன்னால் பாய எந்த நாய்க்கும் சொல்லித்தரத் தேவையில்லை, திரும்பி வருவதற்குத்தான் பழக்க வேண்டும். இதை நான் அமெரிக்கப் பண்ணைக்காரர் சிலரிடம் காணொளி அழைப்பில் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒருவர் லண்டனில் கொயோட்டி உண்டா என்று கேட்டார். இல்லை, மாமாதான் உண்டு என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பட்டம் கிடைத்த பிறகு ஒரு மிருக வைத்தியரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வைத்தியத்துக்கு நாய்களைக் கொண்டுவரும் ஒரு காப்பகத்திலிருந்துதான் என் நாயை எடுத்தேன். டெரியர் கலப்பு, பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். பெட்டை. பூமிக்கடியில் எது அசைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். வைத்திருந்த முந்தைய வீட்டுக்காரர் அதனால்தான் விட்டுவிட்டார்களாம், பூந்தோட்டம் முழுவதையும் கிண்டிப்போட்டதாம்.

நாய் வீட்டுக்குள் வந்தால் தான் வெளியே போய்விடுவதாக அம்மா அறிவித்தார். வந்தது. அம்மா போகவில்லை. சில வாரங்களில் அம்மாவின் காலடியில்தான் அது படுத்தது. நான் வைத்த ஆங்கிலப் பெயர் வாயில் நுழையவில்லை என்று சொல்லி அதைப் "பிள்ளை" என்று கூப்பிடத் தொடங்கினார். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். கூப்பிட்டால் இருவரும் சேர்ந்துதான் போவோம்.

இந்த நாட்டில் நரியை நாய் விட்டுத் துரத்துவது குற்றம். எலிக்கு அந்தத் தடை இல்லை, இடத்துக்குரியவரின் சம்மதம் இருந்தால் போதும். டெரியருக்கு எலி பிறவித் தொழில். ஆகவே நான் அதற்குப் பழக்கியதெல்லாம் நிற்பதும் திரும்பி வருவதும்தான். பந்துக்கும் பிஸ்கட்டுக்கும் அது மயங்கவில்லை. ஒருநாள் அம்மா காயவைத்திருந்த நெத்தலிக் கருவாட்டில் ஒன்றைத் தூக்கிப் போட்டேன். அன்றோடு பிரச்சினை தீர்ந்தது. உப்புப் போக ஊறவைத்து, திரும்பக் காயவைத்து, சின்னப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போவேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருந்தது. ஒரு நகரப் பண்ணையின் கோழி வேலிக்கருகே வாரக்கணக்கில் நடந்தோம். கோழியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தால் ஒரு நெத்தலி. கடைசியில் கோழி என்றால் நெத்தலி என்று அதற்குப் பதிந்துவிட்டது.

இனி எலிகளுக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு கவுன்சிலிலிருந்து வாடகைக்கு எடுத்த ஒரு தோட்டத் துண்டு இருக்கிறது. அதே வேலிக்குள் பலருக்கும் துண்டுகள் உண்டு. அப்பாவின் துண்டை ஒட்டியிருப்பது ஒரு யாழ்ப்பாணத்து அன்ரியின் துண்டு. கணவர் காலமான பிறகு அவர் அங்கே கோழிகள் வளர்க்கத் தொடங்கினார். காலையும் மாலையும் வருவார். மழை பெய்தாலும் குடையோடு கூட்டின் முன்னால் உட்கார்ந்து அவற்றோடு கதைப்பார். பிள்ளைகள் கனடாவில்.

அந்தக் கூட்டுக்கு அடியில் எலிகள் குடியேறின. தீனியைத் தின்றன, முட்டையை உருட்டின, பிறகு பக்கத்துத் துண்டுகளின் சோளத்துக்கும் பூசணிக்கும் வந்தன. அப்பாவின் பூசணிகளில் பாதிக்கு ஓட்டை. தோட்டக் குழுவின் தலைவி, எப்போதும் றப்பர் சப்பாத்துப் போட்டிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கடுமையானவர் அல்ல. ஆனால் முறைப்பாடு கூடிக்கொண்டே போனது. மருந்து வைத்தால் கோழியும் பூனையும் சாகும். ஆகவே குழு முடிவெடுத்தது: மாத முடிவுக்குள் எலி போக வேண்டும், இல்லையென்றால் கோழிகள் போக வேண்டும்.

அன்ரி அதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீரைத் தொடவில்லை.

"கோழியளைக் கொண்டுபோய் எங்க விடுறது? பிளாட்டில வைக்கேலாது. குடுத்தா கறிதான் வைப்பினம்."

நான் என் நாயால் முடியும் என்றேன். கொஞ்சமும் தயங்காமல்தான் சொன்னேன். அன்ரி காலடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தார்.

"இது கோழியைப் பிடிக்காதோ?"

"பிடிக்காது அன்ரி. நான் பழக்கியிருக்கிறன்."

"சத்தியமாவோ?"

"சத்தியமா."

தலைவியிடம் பேசி சம்மதம் வாங்கினேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கொலை கூடாது, அதிலும் எலி பிள்ளையாருடைய வாகனம் என்றார் அன்ரி. சனிக்கிழமை என்றால் பிள்ளையார் கோபிக்க மாட்டாரா என்று அப்பா கேட்டதற்கு, சனிக்கிழமை அவர் நடந்து போவார் என்றார். அவ்வளவு கவலையிலும் அந்தப் பதில் வந்தது.

சனி காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு குசினிக்குப் போனால், நாய் ஒரு தட்டை நக்கிக்கொண்டிருந்தது. சோறும் நெத்தலிக் குழம்பும். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

"அம்மா, என்ன செய்தனீங்கள்?"

"வேலைக்குப் போற பிள்ளை வெறும் வயித்தோட போறதே? இரண்டாந்தரமும் கேட்டுது, போட்டன்."

பசியில்லாத நாய்க்கு நெத்தலி எதற்கு? இடுப்புப் பையில் இருந்தது எல்லாம் இனி வெறும் நாற்றம். அம்மாவிடம் கோபப்பட்டுப் பயனில்லை. விருந்தாளிக்கே கேட்காமல் மூன்றாம் தடவை போடுகிறவர். இன்னொரு நாளைக்கு மாற்றலாமா என்று யோசித்தேன். மாத முடிவுக்குள் வேறு சனிக்கிழமை இல்லை. கிளம்பினோம்.

தோட்டத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். மாமா கடையை மாமியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார், வேடிக்கை பார்க்க. கோழிகளைப் பிடித்துப் பழைய பழப்பெட்டிகளில் அடைத்து அப்பாவின் கொட்டிலுக்குள் வைத்தோம். அன்ரியும் உள்ளேயே இருந்து அவற்றைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அப்பாவும் நானும் கூட்டைத் தூக்கி நகர்த்தினோம். கீழே மண் முழுக்கப் பொந்துகள். வெளிவாசல்களை எல்லாம் கல் வைத்து அடைத்து இரண்டை மட்டும் விட்டேன். ஒரு வாசலில் புகை ஊதும் சிறு எந்திரத்தை வைத்தால் எலிகள் மற்ற வாசலால் வர வேண்டும். அங்கே நாய் நிற்க வேண்டும்.

நாய் படுத்துவிட்டது. வாசலுக்கு நேரே, வயிற்றைச் சரித்துக்கொண்டு.

"கொயோட்டி வந்தாத்தான் எழும்புமாக்கும்," என்றார் மாமா.

எந்திரத்தை இயக்கினேன். புகை போனது. நாயின் நிமிர்ந்த காது திரும்பியது, பிறகு மடிந்த காதும் எழுந்தது. முதல் எலி வெளியே வந்த கணத்தில் அது எழும்பியதை நான் பார்க்கவில்லை, எலி செத்துக் கிடந்ததைத்தான் பார்த்தேன். ஒரே உதறல். டெரியரின் வேலை அப்படித்தான், எலிக்கு நோக நேரமிருக்காது. அடுத்தது வந்தது, அதற்கடுத்தது. தலைவி "வெல் டன், வெல் டன்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு நின்றார்.

கொட்டிலின் கதவு திறந்தது அப்போதுதான். புகை மணம் உள்ளே போயிருந்தது. கோழிகள் மூச்சுத் திணறும் என்று பயந்து அன்ரி பெட்டி மூடியையும் திறந்து, கதவையும் திறந்துவிட்டார். வெள்ளைக் கோழி ஒன்று செட்டை அடித்துக்கொண்டு நேரே எங்கள் நடுவில் வந்து விழுந்தது.

நாயின் இரத்தம் சூடாக இருந்த நேரம். கோழியைக் கண்டது. நான் கூப்பிட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தது, பழக்கிய பழக்கத்தில். பையைத் தட்டினேன். அது பையைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை: குழம்போடு சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு ஆளின் பார்வை. திரும்பிக் கோழியின் பின்னால் பாய்ந்தது.

அன்ரியின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை. "ஐயோ பிள்ளை" என்று மட்டும்.

பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது. நான் பின்னால் ஓடினால் இருவரும் சேர்ந்து வேட்டையாடுகிறோம் என்று அது நினைக்கும். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது என் கட்டுரைதான். முதுகு காட்டி ஓடுவதைக் கண்டால் துரத்தாமல் நிற்க முடியாதது கொயோட்டிக்கு மட்டுமா? நான் ஒரு கூச்சல் போட்டேன், திரும்பினேன், எதிர்ப்பக்கமாக ஓடினேன். அப்பாவின் லீக்ஸ் பாத்திக்குள்ளால், வெங்காயத்துக்குள்ளால், கையை வீசிக்கொண்டு, கீச்சிட்டுக்கொண்டு. எனக்குப் பட்டம் தந்த பேராசிரியர்கள் பார்த்திருந்தால் திருப்பி வாங்கியிருப்பார்கள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நெருங்கி வந்தது. பசளைக் குவியலில் கால் தடக்கி நான் குப்புற விழ, நாய் என் முதுகில் ஏறி நின்று கழுத்தை நக்கியது. அதன் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். எழும்ப மனமில்லை.

தலையைத் திருப்பிப் பார்த்தபோது அன்ரி கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வாலில் சில இறகுகள் குறைவு, வேறொன்றுமில்லை. மாமா என்னைத் தூக்கிவிட வந்தார். என் தலையில் ஒட்டியிருந்த வாழைப்பழத் தோலை எடுத்துப் போட்டார்.

"இதை எங்க படிச்சனீ?"

"கொயோட்டிப் புத்தகத்தில."

அவர் சால்வையை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். பிறகு அப்பாவிடம் போய், பிள்ளைக்கு ஒழுங்கான சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுக்கக்கூடாதா, வழுக்கி விழுகிறாளே என்று சண்டை பிடித்தார்.

கோழிகளைத் திரும்பப் பெட்டியில் அடைத்து, இந்த முறை மூடியின்மேல் அப்பாவை உட்கார வைத்து, மிச்ச வேலையை முடித்தோம். பொந்துகளைக் கிண்டி மூடினேன். கூட்டை நிலத்திலிருந்து உயர்த்திக் கற்களின்மேல் வைக்கவும், தீனியை இரும்பு வாளியில் பூட்டி வைக்கவும் அன்ரிக்குச் சொன்னேன். நாய் பிடிப்பது பாதி வேலைதான், திரும்ப வராமல் செய்வது மற்றப் பாதி. மாத முடிவில் தலைவி வந்து கைவிளக்கால் கூட்டின் அடியைப் பார்த்தார். புதுமண் ஒரு பிடிகூட இல்லை. கோழிகள் இருக்கலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அன்ரி அவரைக் கட்டிப்பிடித்தார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அன்ரி அவருக்கென்று கையில் வைத்திருந்த முட்டைகளில் ஒன்று உடைந்தது.

அந்தத் தலைவிக்கு ஒரு தங்கை. நகரத்துக்கு வெளியே குதிரைலாயம் நடத்துகிறாராம், தீவன அறையில் எலித் தொல்லையாம், மருந்து வைக்கப் பயமாம். என் தொலைபேசி எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கச் சொன்னேன். அங்கே அயலில் இன்னும் பண்ணைகள் இருப்பதாகவும் கேள்வி.

கிளினிக்கில் திங்கட்கிழமை வேலையை மட்டும், எலி வேலைக்கென்று, விட்டுவிட்டேன். போன திங்கட்கிழமை, அப்பாவின் பழைய வான் வண்டியில், நாயும் நானும் குதிரைலாயத்துக்குப் போய்ச் சுவரோரம் முழுவதையும் நடந்து பார்த்தோம். தீவன அறையின் பின்மூலையில் நாய் நின்றது, ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு, அசையாமல். அங்கே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, வருகிற கிழமையே வேலையைத் தொடங்குவதாக தலைவியின் தங்கையிடம் சொல்லி, கைகொடுத்துவிட்டு வந்தேன்.