நோன்புப் பகலில் ஒரு கோப்பைத் தண்ணீர்

நீலக் கரை போட்ட அந்த எனாமல் கோப்பை இன்னமும் என் குசினியில் இருக்கிறது. விளிம்பில் இரண்டு இடத்தில் பூச்சு உதிர்ந்து கறுத்துவிட்டது. வடக்கிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேறச் சொன்ன நேரம் மாமி அதில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாராம். அலுமாரி, கட்டில், தையல் மெசின் எல்லாம் அங்கேயே நிற்க, புத்தளம் பக்கத்துக் கரைத்தீவு வரை வந்து சேர்ந்தது கையிலிருந்த கோப்பைதான். "தேத்தண்ணியைக் குடிச்சு முடிக்கவும் விடேல்லை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வீடு போன கதையை அவர் அழுது சொல்லி நான் கேட்டதில்லை.

மாமி என் கணவரின் தாய். ரகசியம் பேச அவருக்கு வராது. காதுக்குள் சொன்னாலே நாலு கொட்டில் தள்ளிக் கேட்கும். கடல்நீர் தேங்கிய களப்போரம், அகதி முகாமில் வரிசையாகப் போட்டிருந்த ஓலைக் கொட்டில்களில் எங்களுக்கும் ஒன்று கிடைத்திருந்தது. கதவு கிடையாது, சாக்குதான் தொங்கும். கணவர் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார். மாமியும் நானும் நாள் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருப்போம். பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் களப்புக் காற்றும் மாமியின் சிரிப்பும்தான் எனக்கு முதலில் வருகின்றன.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சுத் துடிப்பில் கோளாறு. சும்மா இருக்கும்போதே இதயம் தறிகெட்டு ஓடும், கண் இருட்டும். அதற்குக் குளிசை விழுங்கி வந்தேன். வயிற்றில் பிள்ளை தங்கியதும், அது பிள்ளையைத் தாக்குமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. புத்தளம் ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பழைய குளிசை கர்ப்பத்துக்கு உகந்ததல்ல என்று வேறொன்று மாற்றித் தந்தார். காலை, பகல், இரவு என்று மூன்று வேளையும் குடிக்க வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது, பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க அடிக்கடி கிளினிக் வர வேண்டும் என்றார். "அம்மாட நெஞ்சு சரியில்லாட்டி பிள்ளைக்கும் கஷ்டம்" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது.

நோன்பு மாதம் பிறக்கும் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் நோன்பில் விலக்கு உண்டு என்று தெரியாதவர் முகாமில் யாருமில்லை. ஆனால் எல்லாவற்றையும் விட்டுவந்த எங்களிடம் குறையாமல் மிஞ்சியிருந்தது நோன்பு ஒன்றுதான். சாக்குக்குப் பின்னால் இருந்து நான் மட்டும் தண்ணீர் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. பகல் குளிசைக்கு மாமிதான் வழி கண்டுபிடித்தார்.

"விடியமுன்னம் சஹருக்கு ஒண்டு, நோன்பு திறந்தாப் பிறகு ரெண்டு. கணக்குச் சரிதானே, மகள்?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது.

பின்னேரங்களில் நெஞ்சு படபடத்தது. நோன்புக் களைப்பு என்று பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் நோன்பு திறந்து, இரண்டு குளிசையையும் விழுங்கி, சற்று நேரத்தில் கஞ்சிச் சட்டியைக் கழுவப் போனவள் கிணற்றடியில் சரிந்தேன். யாருடைய வான் வண்டியிலோ ஏற்றிக்கொண்டு போனார்கள். சோதனைச் சாவடியில் மறித்த ஆமிக்காரரிடம் மாமி போட்ட கூச்சலைப் பற்றிப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வயிற்றில் அசைவு தெரியவில்லை. என் பிள்ளை போய்விட்டது என்றே நினைத்தேன். கால்மாட்டில் நின்ற மாமியிடமிருந்து சத்தமே இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததேயில்லை. தாதி வயிற்றில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "துடிப்பு இருக்கு" என்றதும் முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பகல் குளிசையை விட்டதால் துடிப்பு ஏறியது, இரண்டைச் சேர்த்துப் போட்டதால் அளவு மீறி இறங்கிவிட்டது என்றார் டொக்டர். இனி நோன்பும் வேண்டாம் என்றார். "ஒண்டு தவறினா ரெண்டாச் சேர்த்துப் போட வேணாம். எங்கட்டக் கேளுங்க."

"சொல்லிக் குடுத்தது நான்தான் டொக்டர்" என்றார் மாமி. "மருமகளில பிழையில்லை."

கொட்டிலுக்குத் திரும்பிய மறுநாள், பகல் தொழுகைப் பாங்கு ஓய்ந்திருந்தது. கிணற்றடி நிறையப் பெண்கள். மாமி நோன்போடு, உதடு வெடித்துக் காய்ந்த நிலையில், அந்தக் கோப்பை நிறையத் தண்ணீரும் பகல் குளிசையும் எடுத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவால் நடந்து வந்தார். என்னைக் கூப்பிட்டு வாசலில் இருத்தினார்.

"உள்ளுக்குப் போய்க் குடிக்கிறன் மாமி. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். பாக்கத்தான் கொண்டு வந்தனான்!"

களப்புக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். நான் குடித்து முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்தபடி பக்கத்திலேயே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருநாள் வரை ஒரு பகலும் அவர் தவறவில்லை. மகள் சுகமாகப் பிறந்தாள்.

மாமி மௌத்தாகி, அடக்கம் பண்ணிக் கன காலம். இப்போது எங்களுக்குக் கல்வீடு இருக்கிறது, கதவு இருக்கிறது, முன்னால் மதிலும் இருக்கிறது. நெஞ்சுக் குளிசை என்னை விடவில்லை. நோன்பு மாதத்தில் பகல் பாங்கு ஓய்ந்ததும் கோப்பையை நிரப்பிக்கொண்டு வாசல் படியில் வந்து அமர்வேன்.

"கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கிருந்து குடிங்கோவன் உம்மா. ரோட்டால போற ஆக்கள் பாக்கினம்" என்பாள் மகள்.

"பாக்கட்டும்" என்பேன். மாமியளவு சத்தம் எனக்கு வராது. மூன்று வீட்டுக்காவது கேட்கும்.