ஆவணிக்குக் காத்திருந்த கார்டு

லோகநாதனை நான் முதலில் பார்த்தது 1978 ஜூனில், ஆரணி பஸ் நிலையத்தில். பி.ஏ. தேறியிருந்தேன். அடுத்து என்ன செய்வதென்று தேவிகாபுரத்தில் எங்கள் தெருவில் சொல்லத் தெரிந்தவர் இல்லை; எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். பட்டுப்புடவை வியாபாரியான அவர் என் தோளைத் தட்டி, "டிகிரியா? நம்ம கடைக்கு வாப்பா, வழி காட்டுறேன்" என்றார்.

கடை வாசலில் 'இளைஞர் வழிகாட்டி மன்றம்' என்று பலகை. கிராமத்துப் பட்டதாரிகள் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்து, எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவரின் அறிவுரையைக் கேட்போம். நிமிர்ந்து நட, நகம் வெட்டு, பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே. வாராவாரம் இதேதான். மோர் மட்டும் நன்றாக இருக்கும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த கார்டை 1981 ஜூலைக்குள் புதுப்பிக்க வேண்டும். தவறினால் மூன்று வருட வரிசை போய்விடும். வேலூருக்குக் கிளம்பிய என்னை அவர் தடுத்தார்.

"நீ ஏன் அலைஞ்சிகினு? கார்டைக் குடு. அங்க நம்ம ஆளு கீறாரு."

கொடுத்தேன். பட்டம் வாங்கியவன் செய்த காரியம் அது.

ஆகஸ்ட் நடுவில் கேட்கப் போனேன். புடவைப் பெட்டியிலிருந்து கார்டை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"நாளைக்கு ஆவணி ஒண்ணு. எடுத்துகினு போறேன்."

"ஜூலையோட முடிஞ்சிட்சிங்களே."

"ஆடியில எவன்பா நல்ல காரியம் பண்ணுவான்? நாங்க தறியில புதுப் பாவுகூட ஏத்த மாட்டோம்."

"சர்க்காருக்கு ஆடி கீதாங்களா?"

"படிச்ச திமிரு" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். அவர்களில் இருவருடைய கார்டும் அதே பெட்டியில்தான் இருந்தது.

கார்டை வாங்கிக்கொண்டு நானே வேலூருக்குப் போனேன். குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சள்லாம் நல்லாத்தான் வெச்சிகீறீங்க. புதுசா பதிஞ்சிக்குங்க."

வீட்டில் கேட்க ஆளில்லாதவனுக்கு வெளியே ஒருவர் வேண்டியிருக்கிறது. அந்தத் தேவையை வைத்துத்தான் இவர் பெரிய மனிதரானார். ஒருவனுக்கு வழி சொல்வதென்றால் கடைசித் தேதியையாவது தெரிந்திருக்க வேண்டும்.

1984இல் தேர்வு எழுதி, தாலுகா அலுவலகத்தில் சேர்ந்தேன். அடுத்த வாரமே பலகையின் கீழ் 'நம் மன்றத்தால் உயர்ந்தவர்கள்' என்று எழுதி, முதலில் என் பெயரைப் போட்டார். அழிக்கச் சொன்னேன்.

"இருக்கட்டும்பா. பின்னால வர்ற பசங்களுக்கு ஒரு தெம்பு."

எங்கள் ஊர்ப் பையன்கள் இப்போது என்னிடம் வந்தால் தேதியைச் சொல்லி, பஸ் ஏற்றிவிடுகிறேன். லோகநாதன் அதே கடையில்தான் இருக்கிறார். சென்ற மாதம் பலகைக்குப் புது வர்ணம் அடித்தார். என் பெயர் அதில் இன்னும் இருக்கிறது.