வாரிசு இல்லாத எல்லைச் சாவடி அதிகாரி

என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாட்டை ஆள்கிறாள். சரவணம்பட்டியில், அவளும் மாப்பிள்ளையும் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில். அந்த நாட்டில் கோட்டைகள் உண்டு, சதுப்பு நிலம் உண்டு, நெருப்பு கக்கும் டிராகன் ஒன்றும் உண்டு. எல்லாம் அவள் சொல்லச் சொல்லத்தான் முளைக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த நாட்டுக்குள் நடப்போம். செய்ய நினைப்பது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். சின்ன எண் விழுந்தால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். மாப்பிள்ளையும் அவரோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில், நான் தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சிச் செய்தியோடு சண்டை போடுகிறேன் என்று கேள்விப்பட்டு மகள் என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

அதில் எனக்கு வருத்தமில்லை. சம்பந்தியையும் சேர்த்துக்கொண்டாள். அதில்தான் வருத்தம்.

சம்பந்தி கருமத்தம்பட்டியில் விசைத்தறிகள் வைத்திருந்தவர். இப்போது இளைய மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வாரம் தவறாமல் ஒரு தூக்குப் பாத்திரத்தில் ஒப்பிட்டுப் போளியோடு வந்து இறங்குகிறார். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். அவர் ஏதாவது சொன்னால் என் மகள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புவரை இருந்தது. பிறகு எங்கே போனது என்று நானும் விசாரிக்கவில்லை.

முதல் வாரம் மகள் எல்லோரிடமும் அவரவர் பாத்திரத்துக்கு ஒரு முன்கதை கேட்டாள். யார், எந்த ஊர், எதை இழந்தவர், என்ன வேண்டும். "இதுல ஒருத்தரோட முன்கதையை எடுத்துத்தான் இந்த வருசம் கதையை ஓட்டப்போறேன்" என்றாள்.

அந்த ஒருத்தர் நான்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் பார்த்தே நரைத்தவன் நான். ஒருவன் எங்கே பிறந்தான், யாருக்கு மகன், அவன் சொத்து யாருக்குப் போகும் என்று எழுத எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? வாரம் முழுக்க எழுதினேன். என் பாத்திரம், மலைநாட்டு எல்லைச் சாவடியில் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரி. பெற்றோர் இயற்கையாக இறந்தார்கள். சகோதரர்களுக்குள் பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்தது. கடன் இல்லை. பகை இல்லை. மனைவி இல்லை, வாரிசும் இல்லை. தலைமுறை விளக்கப்படம் தனி இணைப்பு. என் மேசையிலிருந்து போன கோப்பில் மேலிடம் ஒரு கேள்வி கேட்டுத் திருப்பியதில்லை என்பது என் சர்வீஸில் எனக்கிருந்த ஒரே கர்வம். அந்தத் தரத்தில் எழுதியிருந்தேன்.

மகள் பக்கங்களைப் புரட்டினாள். "ரொம்ப உழைச்சிருக்கீங்கப்பா" என்றாள். பிறகு சம்பந்தியைப் பார்த்தாள்.

அவர் எதுவும் எழுதி வரவில்லை. ஒப்பிட்டைப் பிட்டபடியே சொன்னார். "நம்மாளு ஒரு திருடனுங்க. சின்ன வயசுல தங்கச்சியக் கூட்டிட்டு சந்தைக்குப் போனான். கையை உட்டுப்போட்டான். திரும்பிப் பாத்தா புள்ளையக் காணோம். இன்னிக்கு வரைக்கும் எந்த ஊருக்குத் திருடப் போனாலும் மொதல்ல சந்தைக்குப் போயி ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வேலையப் பாப்பான்."

மகள் கேட்டாள், "எந்தச் சந்தைங்க மாமா?"

"அது நீதான் கண்ணு சொல்லோணும்."

அவள் முகத்தில் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். என் பக்கங்கள் உப்புக் கிண்ணத்துக்கு அடியில் கிடந்தன.

அதன் பிறகு எல்லா ஞாயிறும் அந்தத் தங்கையைத் தேடினோம். சதுப்பு நிலத்தில் தேடினோம், கோட்டையில் தேடினோம். டிராகனிடமே விசாரித்தோம். என் அதிகாரி வழியில் கிடைக்கும் ஓலைகளைப் படித்துச் சொன்னார். சம்பந்தி பகடையை உருட்டும்போது மகள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நான் உருட்டும்போது தண்ணீர் குடிப்பாள்.

ஒரு வாரம் பொறுக்க முடியாமல் சட்டத்தைச் சொன்னேன். ஏழு வருடமாக ஒரு தகவலும் இல்லாதவரை இறந்துவிட்டதாகக் கொள்ளலாம். ஆகவே தேடுதலை முடித்துக்கொண்டு டிராகனைக் கவனிக்கலாம்.

"சட்டம் சொல்லிப்போட்டா அண்ணங்காரன் தேடாம இருந்துக்குவானுங்களா, சம்பந்தி?" என்றார் அவர், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று அவர் பஸ் ஏறிய பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளிடம் போனேன். "என் ஆளுக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்லீங்கப்பா. அதான் கஷ்டம்." குழாயை மூடினாள். "எல்லாத்தையும் நீங்களே முடிச்சு வெச்சிருக்கீங்க. பகையில்ல, கடனில்ல, காணாமப்போனதுன்னு ஒண்ணுமில்ல. நான் எந்தப் பக்கமா உள்ள வர்றது?"

"வர்றதுக்கு எதுக்கு வழி? விவரம் சரியா இருந்தாப் போதாதா?"

அவள் துண்டில் கையைத் துடைத்தாள். "புள்ளைகூட இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"வாரிசு இருந்தா சிக்கல்" என்றேன். நாற்பது வருடப் பழக்கம், வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அவள் சரிங்கப்பா என்று சொல்லிவிட்டு வேறு தட்டை எடுத்தாள். அது ஏற்கெனவே கழுவிய தட்டு.

அடுத்த ஞாயிறு ஒரே ஒரு வரி எழுதிப் போனேன். 'மகள் ஒருத்தி உண்டு. எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.' 'தெரியாது' என்ற சொல்லை நான் எந்தக் கோப்பிலும் எழுதியதில்லை. பேனா அங்கே கொஞ்சம் நின்றது.

மகள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "எப்படிப்பட்டவ?"

"அது நீதான் கண்ணு சொல்லோணும்."

"அது நம்ம வசனமாச்சேங்க" என்றார் சம்பந்தி.

"பதிவு பண்ணி வெச்சிருக்கீங்களா? நகல் இருந்தாக் காட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்காமல், பேனா மூடியைக் கடித்தபடி என்னவோ குறித்துக்கொண்டாள். பரீட்சைக்குப் படிக்கும்போது அப்படித்தான் கடிப்பாள். அந்த வாரம் எனக்கு நல்ல தூக்கம்.

அதற்கடுத்த ஞாயிறு உப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். திருடன் வழக்கம்போல சுவர் ஏறிக் குதித்துச் சந்தைக்குப் போனான். என் அதிகாரி முறைப்படி வாசலில் நுழைவுச் சீட்டுக்கு வரிசையில் நின்றார். சம்பந்தி உருட்டினார். இருபது.

மகள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சந்தையில் திருடனின் தங்கை இல்லை. உப்பு அளந்துகொண்டு ஒரு பெண் இருக்கிறாள். போகிற வருகிறவர்களிடமெல்லாம், மலைநாட்டு எல்லைச் சாவடியில் இருந்த ஓர் அதிகாரியைத் தெரியுமா என்று கேட்கிறாள்.

"சாப்பிட்டியா சாமின்னு கேக்கறேன்" என்றார் சம்பந்தி. திருடனின் மூட்டையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம புள்ளை பத்திரமா இருக்குதுங்க சம்பந்தி. நீங்க மெதுவா சீட்டு வாங்கிட்டு வாங்க."

நம்ம புள்ளையாம்.

"எனக்கு முன்னால எத்தனை பேர் நிக்கறாங்க?" என்று மகளிடம் கேட்டேன்.

"நெறையப் பேருங்கப்பா."

"வரிசைய விட்டு வெளிய வர்றேன். சுவர் ஏறிக் குதிக்கிறேன்."

மாப்பிள்ளை போனைக் கீழே வைத்தார். மகள் என்னையே பார்த்தாள். "உங்க ஆளா? சீட்டு இல்லாமயா?"

பகடையை எடுத்து உருட்டினேன். அது ஒப்பிட்டுத் தூக்கில் மோதி நின்றது. மூன்று.

சுவருக்கு உள்பக்கம், ஓர் உப்பு மூட்டையின்மேல் கணுக்கால் ஒடிந்து விழுந்து கிடந்தேன். மகள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டு, "சந்தைச் சத்தம் கேக்குது. அவ குரலும் கேக்குது. நடக்க முடியாது. இப்ப என்ன பண்ணுவீங்கப்பா?" என்றாள்.

சம்பந்தி தன் முறைக்காகக் காத்திருந்தார். காத்திருக்கட்டும் என்று நான் நிதானமாக யோசித்தேன்.