எங்கள் வீட்டுச் சூட்டைப் படிக்க ஓர் ஆள்

இன்று மத்தியானம் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். கல்லூரியில் புவியியல் ஆராய்ச்சி செய்கிறாளாம். வெயில் யாரை அதிகம் படுத்துகிறது என்று சிங்காநல்லூர்ப் பக்கம் வீடு வீடாகப் பார்க்கிறாளாம்.

எங்கள் சிமெண்ட் ஷீட் கூரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

"ஏனுங்கய்யா, வெயில்ல மயங்கி உழுந்துட்டீங்கன்னா மொதல்ல யாருக்குங்க தெரியும்?"

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் பெங்களூரில்.

"பால்காரருக்குங்க அம்மணி. அதுவும் மறுநா காலைலதானுங்க" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டினாள்.

"வாரம் ஒருக்கா மத்தியானம் இதைப் பார்த்துப் போன்ல சொல்லிருவீங்களா? பார்க்க முடியாதவங்க ஊட்டுக்கு மட்டும் நானே வந்து பார்த்துக்கறேனுங்க."

பத்தாவது வரை படித்தவன் நான். பாதரசம் நிற்கிற கோடு நாற்காலியிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

"கண்ணு சுத்தமா மங்கலுங்க அம்மணி" என்று சொல்லிப்போட்டேன்.

"அப்பச் சரிங்கய்யா, சனிக்கிழமை வாரேனுங்க."

அந்த மங்கல் கண்ணை வைத்துக்கொண்டுதான், மகன் சொல்லிக்கொடுத்தபடி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நம் ஊர் இணையக் குழுவுக்கு இதை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன்.

அவளிடம் யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்குள் வந்து எத்தனை டிகிரி என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். யார் யார் வருகிறீர்கள்? சனிக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கிறது.